செஞ்சி: பாட்டு சொல்லாத முற்றுகை

2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், பாரிசில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்த்தது. ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பொதுத் தலைப்பின்கீழ், பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி அதில் இடம்பெற்றிருக்கிறது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டுக் கோட்டை ஒன்றுக்கு உலகப் பெயர் கிடைத்ததே என்று மகிழ்வோர் ஒரு சாரார். கோன்களும் நாயக்கர்களும் வளர்த்த கோட்டைக்கு மராத்தியர் பெயரா என்று முகம் சுளிப்போர் மறுசாரார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டுமே பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகின்றன என்பதே நம் மனக்குறை. அந்தக் கோட்டை ஏன் அங்கே எழுந்தது, எப்படி இயங்கியது, யாரை எத்தனை காலம் காத்தது என்ற கேள்விகள் அப்படியே கிடக்கின்றன.

வேங்கிக்காலிலிருந்து எழுதும் நமக்குச் செஞ்சி அயலூர் அன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இவ்வூரிலிருந்து திருவண்ணாமலைக்குள் புகுந்து, கீழ்பென்னாத்தூர் வழியாகக் கிழக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் போனால், கிருஷ்ணகிரி, ராஜகிரி என்னும் இரு குன்றுகளுக்கு நடுவே சாலை நுழைகிறது. பேருந்தில் போகிறவர் தம்மை அறியாமலே கோட்டைக்குள் புகுந்து வெளியேறிவிடுகிறார். வருவாய்த்துறைக் கணக்கில் செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. போர்களின் கணக்கில் செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, வந்தவாசி நான்கும் ஒரே களம். இதைப் புரிந்துகொள்ளாமல் செஞ்சியின் இருப்பைப் புரிந்துகொள்ள இயலாது.

புதுச்சேரியில் தொடங்கித் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை எனக் கிருஷ்ணகிரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலையை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள். கடற்கரைச் சமவெளியிலிருந்து மைசூர்ப் பீடபூமியை நோக்கி ஏறும் வழி அது. மேற்கே செங்கம் கணவாய் அதன் வாசல். கிழக்கே செஞ்சி அதன் பூட்டு. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து வந்தபோது கர்னல் ஜோசப் ஸ்மித் அவர்களை எதிர்கொண்டது முதலில் செங்கத்தில், அதே மாத இறுதியில் திருவண்ணாமலையில். படைகள் வழி மாறி வரவில்லை. அந்த வழிதான் இருந்தது.

இந்தப் பாதையின் வயது கோட்டைகளின் வயதைவிட மிகப் பெரிது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னன், செங்கண்மாவை ஆண்டவன். அந்தச் செங்கண்மாவே இன்றைய செங்கம். தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் பற்றிய நூலைப் புரட்டினால், பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டு பொறித்த கற்கள் வரிசையாக வருகின்றன. ஆநிரை கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் பட்ட வீரர்களுக்கு எடுத்தவை அவற்றுள் பல. மாட்டுக்காகச் சண்டையிட்ட அந்த நிலம், பின்னர் நெல்லுக்காகவும் வரிக்காகவும் வணிக வழிக்காகவும் சண்டையிட்டது. நடுகல்லும் மலைக்கோட்டையும் ஒரே நிலத்தின் இரு காலத்துத் தடயங்கள்.

இனிச் செஞ்சிக்கு வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அது வளைக்கும் பரப்பு ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர். மூன்றில் உயர்ந்ததான ராஜகிரி சுமார் 800 அடி. அதன் உச்சிக்கோட்டையை அடையுமுன் பாறை இரண்டாகப் பிளந்து ஓர் ஆழமான இடைவெளி குறுக்கிடுகிறது. அதன்மேல் இடப்பட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித்தீவாகிவிடும். கட்டியவர்கள் குன்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. உருண்டும் திரண்டும் கிடக்கும் கருங்கற்பாறைகளையே மதிலாக ஏற்று, அவற்றுக்கு இடைப்பட்ட வெளிகளைச் சுவரால் அடைத்தார்கள். எது பாறை, எது சுவர் என்று தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து நிற்கின்றன.

இந்தச் சுவர்களை ஓர் அரசு ஓர் ஆட்சியில் எழுப்பவில்லை. 1190 வாக்கில் ஆனந்தக் கோன் என்பவர் முதற்கோட்டையை எடுத்தார் என்பது மெக்கன்சி காலத்துச் சுவடிகள் வழியே நமக்கு வந்த செய்தி. அதற்குப்பின் விஜயநகரத்தின் சார்பில் வந்த நாயக்கர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிருந்து ஆண்டார்கள். 1597இல் கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமென்டா, இந்நகரின் அளவைக் கண்டு வியந்து, லிஸ்பனைத் தவிர்த்துப் போர்ச்சுகலில் இதற்கு ஈடான ஊர் இல்லை என்ற பொருள்பட எழுதினார். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி. சிவாஜி பழைய மதில்களை அப்படியே ஏற்காமல் புதிய அரண்களும் அகழிகளும் அமைத்ததை மதுரை மிஷன் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. கட்டடங்களும் இந்த அடுக்குகளை மறைக்கவில்லை. நாயக்கர் காலத்து வெங்கடரமணர் கோயிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. அந்தக் கோயிலின் தூண்களுள் சில பிரெஞ்சுக்காரர்களால் கொண்டுசெல்லப்பட்டு, இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. பார்ப்போரில் எத்தனை பேருக்கு அவை செஞ்சிக் கற்கள் என்று தெரியும்?

ஆனால் மதில்களின் உயரத்தில் செஞ்சியின் வலிமையைத் தேடுவது பாதி உண்மையையே தரும் என்பது நம் கருத்து. ராஜகிரியின் அடிவாரத்தைச் சுற்றி வருகிறவர்கள் கல்யாண மகாலின் அடுக்குகளைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் அருகே வளைவுக் கூரையோடு நிற்கும் பெருங்களஞ்சியத்துக்குள் சற்று நின்று பார்க்க வேண்டும். சக்கரக்குளத்தையும் செட்டிக்குளத்தையும் பார்க்க வேண்டும். கல்யாண மகாலின் மேல்தளம் வரை சுட்டமண் குழாய்களின் வழியே நீர் ஏறியிருக்கிறது. உச்சியில் சுனைகள் இருக்கின்றன. மதிலுக்குள்ளேயே வயலும் ஏரியும் குளமும் உண்டு. சுருங்கச் சொன்னால், குன்றுகளுக்கு நடுவே ஒரு கிராமத்தின் நீர்நிலை அமைப்பு முழுவதையும் உள்ளே வைத்து மதில் கட்டியிருக்கிறார்கள். ஏரி மாவட்டங்களின் மக்களுக்கு இது புரியாத சூத்திரம் அன்று. மழைநீரைத் தேக்கத் தெரிந்த கைகள்தாம் இந்தக் கோட்டையை நெடுநாள் தாங்கும்படி செய்தன.

நெடுநாள் என்றால் எத்தனை நாள்? 1689இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபின், அவர் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே வந்து செஞ்சியில் புகுந்தார். மராத்திய அரசின் தலைநகரம் சில ஆண்டுகளுக்கு இந்தத் தமிழ் மண்ணிலேயே இருந்தது. 1690இல் சுல்பிகர் கான் தலைமையில் மொகலாயப் படை வந்து சூழ்ந்தது. கோட்டை வீழ்ந்தது 1698இன் தொடக்கத்தில். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்! அன்றைய இந்தியாவின் மிகப் பெரிய பேரரசு, ஒரு தளபதியையும் ஓர் இளவரசரையும் ஒரு பிரதம அமைச்சரையும் அனுப்பியும் செஞ்சியை எட்டு ஆண்டுகள் திறக்க முடியவில்லை.

காரணம் எளிது. முக்கோணமாகப் பரந்து கிடக்கும் இந்த மதிலை முழுவதும் சூழ்ந்து நிற்கும் அளவுக்கு ஆள் இல்லை. ஏதேனும் ஒரு வாசல் எப்போதும் வெளியுலகோடு பேசிக்கொண்டிருந்தது. 1692 இறுதியில் சாந்தாஜி கோர்படேயும் தானாஜி ஜாதவும் வடக்கிலிருந்து படையோடு வந்தபோது நிலைமை தலைகீழானது. முற்றுகையிட்டவர்கள் முற்றுகைக்கு உள்ளானார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த மொகலாய அதிகாரி அலி மர்தான் கான் சிறைப்பட்டார். மொகலாயப் பாசறையில் தானியம் தீர்ந்தது. எதிரியோடு பேச்சு நடத்தினார் என்ற ஐயத்தில் இளவரசர் காம்பக்ஷை அவரது பக்கத்துத் தளபதிகளே காவலில் வைத்தார்கள். 1693 ஜனவரியில் சுல்பிகர் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். அதற்குப்பின் மீண்டும் வந்து, இழுத்தடித்து, ஒருவழியாக உள்ளே நுழைந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். தளபதிகள் தம் ஆதாயத்துக்காகவே போரை நீட்டித்தார்கள் என்ற குற்றச்சாட்டு, அந்தப் படையிலேயே பணியாற்றிய பீம்சேனின் பாரசீக நினைவுக்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஔரங்கசீப்புக்குக் கடைசியில் கிடைத்தது வெறும் குன்று. மராத்தியர்களுக்குக் கிடைத்தது எட்டு ஆண்டு அவகாசம். மலைக்கோட்டையின் போர்ப்பயன் இதுதான்: அது வெற்றியைத் தருவதில்லை, காலத்தை வாங்கித் தருகிறது.

இப்போது நம் இலக்கிய நினைவுக்கு வருவோம். செஞ்சி என்றதும் தமிழ் மனத்தில் எழும் பெயர் எது? ராஜாராம் அன்று, கிருஷ்ணப்ப நாயக்கரும் அன்று. ராஜா தேசிங்கு. அவருடைய இயற்பெயர் தேஜ்சிங். செஞ்சியின் பொறுப்பை ஏற்றிருந்த பந்தேலா இராஜபுத்திரர் சொரூப்சிங்கின் மகன். தந்தை 1714இல் இறந்தபின் வந்து பொறுப்பேற்று, அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டவர். வயது இருபத்திரண்டு. ஆண்டது ஓராண்டுகூட இல்லை. குதிரையும், உயிர்த்தோழனான முகமதியனும், உடன்கட்டை ஏறிய மனைவியும் சேர்ந்து அந்தச் சில மாத ஆட்சியைத் தெருக்கூத்தாகவும் கதைப்பாடலாகவும் ஆக்கின. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் அது வந்தது. இராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அந்த மனைவியின் நினைவாக வந்தது என்பது வழக்கு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தேசிங்கு கோட்டைக்குள் இருந்து போரிடவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரு பேரரசைத் தடுத்து நிறுத்திய மதில்களை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, சில நூறு பேரோடு வெட்டவெளிக்கு வந்து, ஒரே நாளில் மாண்டார். கோட்டையைப் பயன்படுத்தாதவரே கோட்டையின் நாயகராக ஆனார். கூத்து கட்டியவர்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது. பாய்ந்து போகும் குதிரையைப் பாடலாம். களஞ்சியத்தில் நெல்லை அளந்து வைப்பதை எப்படிப் பாடுவது? நம் புறத்திணையிலேயே உழிஞையும் நொச்சியும் உண்டு. மதிலை வளைப்பதும் மதிலைக் காப்பதும் தனித்தனித் திணைகளாக வகுக்கப்பட்ட மரபு நம்முடையது. அப்படியிருந்தும் செஞ்சியின் நொச்சிப் போருக்கு, தேசிங்கின் ஒரு நாள் போருக்குக் கிடைத்ததில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. எட்டு ஆண்டுகள் மதிலுக்குள் இருந்தவர்கள் யார்? மன்னரும் மராத்தியக் குதிரைவீரரும் மட்டுமா? குளத்தைத் தூர்வாரியவர்கள், நெல் குத்தியவர்கள், கல் சுமந்தவர்கள், இரவில் திட்டிவாசல் வழியே தானிய மூட்டை ஏற்றியவர்கள் இல்லாமல் முற்றுகை ஒரு மாதம் தாங்கியிருக்குமா? அவர்கள் இந்த ஊர்களின் மக்கள். பாட்டிலும் இல்லை, பட்டியலிலும் இல்லை.

வேறு மொழியில் இது எப்படி எழுதப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். கொரியத் தலைநகர் சியோலுக்குத் தென்கிழக்கே நம்ஹான்சான்சொங் என்னும் மலைக்கோட்டை இருக்கிறது. 1636 டிசம்பரில் மஞ்சூரியப் படை தலைநகரை நோக்கிப் பாய்ந்தபோது மன்னர் இன்ஜோ அந்த மலைக்குள் ஒதுங்கினார். கையில் இருந்த தானியம் சுமார் ஐம்பது நாளுக்கு. கடுங்குளிர். மதில் உடையவில்லை; ஆனால் 47 நாளில் பசி மன்னரைக் கீழே இறக்கியது. ஆற்றங்கரையில் மஞ்சூரியப் பேரரசர் முன் மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை நெற்றியைத் தரையில் பதித்து வணங்கினார். 2014இல் அந்தக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கு ஏழாண்டு முன்பே, 2007இல், கிம் ஹூன் என்ற நாவலாசிரியர் அந்த 47 நாளையும் நாவலாக எழுதியிருந்தார். சரணடைந்து உயிரைக் காப்பதா, மானத்தோடு மடிவதா என்று இரண்டு அமைச்சர்கள் மன்னர் முன் வாதிடுவதும், படைவீரனின் பசியும் குளிரும்தாம் அந்த நாவலின் களம். 2017இல் அது திரைப்படமாகவும் வந்தது. தோல்வியின் இடத்தைக்கூட மறைக்காமல் எழுதியதால், அந்த மலையில் ஏறும் கொரியருக்கு மதிலுக்குப் பின்னால் மனிதர்கள் தெரிகிறார்கள். 47 நாளுக்கு ஒரு நாவல் உண்டென்றால், எட்டு ஆண்டுக்கு எத்தனை நாவல் வேண்டும்?

நம் பக்கத்திலேயே இன்னும் ஒரு மலை காத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள படைவீடு, சம்புவராயர்களின் தலைநகரம். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே படையெடுத்து வந்தபோது, சம்புவராயர் ஒதுங்கியது அங்குள்ள இராசகம்பீரன் மலைக்கோட்டையில். இந்தப் படையெடுப்பைப் பாடியவர் கம்பணரின் மனைவி கங்காதேவி; ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியம் அவருடையது. வென்றவரின் மனைவி எழுதிய காவியம் நமக்குக் கிடைத்திருக்கிறது. மலைமேல் நின்றவர்களின் தரப்பை இடிபாடுகளும் கல்வெட்டுகளும் மட்டுமே சொல்ல முடியும். தொல்லியல் என்பது பொக்கிஷம் தோண்டுவது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. தோற்றவர்களின் தரப்பை எழுத வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் அது ஒன்றே எழுதுகோல் என்பதை இலக்கிய வாசகர்களாவது உணர வேண்டும்.

எனவே பெயர்ப்பலகைச் சண்டைக்கு நம் விடை இது. மராத்தியர் செஞ்சியை வைத்திருந்தது ஏறத்தாழ இருபத்தோராண்டு. அந்த இருபத்தோராண்டில்தான் இக்கோட்டை தன் போர்ப்பயனை முழுமையாகக் காட்டியது என்பதை மறுப்பது நேர்மையாகாது. அந்த வகையில் பட்டியலின் தலைப்பு பொய் இல்லை. ஆனால் மராத்தியர் உள்ளே வந்தபோது குளங்கள் இருந்தன, களஞ்சியம் இருந்தது, பாறைகளுக்கு இடையே சுவர் இருந்தது. அவற்றைச் செய்தவர்களின் பல நூற்றாண்டு உழைப்பு ஒரு தலைப்பின் நிழலில் மறைந்துவிடக் கூடாது. செஞ்சிக்கு வடக்கே சிறுகடம்பூரில் உள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரை நினைவுகூரும் கல்வெட்டும் அங்கேயே உண்டு. கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தையது அது. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது. செஞ்சிக்கு வரும் பயணியின் கண்ணில் இவையும் பட வேண்டும்.

உலகப் பட்டியல் என்றால் இனிக் கூட்டம் வரும், பணம் வரும், வழிகாட்டிகள் வருவார்கள், விளக்கப் பலகைகள் புதிதாக எழுதப்படும். 1921இலேயே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு இது இரண்டாம் வாய்ப்பு. அந்தப் பலகைகளில் என்ன எழுதப்படுகிறது என்பது அடுத்த இரண்டு தலைமுறைக்குச் செஞ்சி என்னவாக இருக்கும் என்பதைத் தீர்மானித்துவிடும். களஞ்சியத்தின் முன்னால் ஒரு பலகை முற்றுகையின் கதையைச் சொல்லட்டும். குளங்களின் முன்னால் நீர் வந்த வழியைக் காட்டும் படம் இருக்கட்டும். கோன் முதல் ஹைதர் வரை யார் எதைக் கட்டினார்கள் என்பது தமிழில், பள்ளிப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதப்படட்டும். அகழாய்வு அறிக்கைகள் தமிழிலும் வரட்டும். 1943இல் சி. எஸ். சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதன் அளவுக்கு உழைத்த தமிழ் நூல்கள் இன்னும் பல வர வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது அது. எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது வேறு. அடுத்த முறை திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிப் பேருந்தில் ஏறும் இளம் எழுத்தாளர் யாராவது செஞ்சியில் இறங்கட்டும். உச்சிக்கு ஏறி இறங்கிய களைப்போடு ஊர் திரும்பிவிடாமல், அந்தக் களஞ்சியத்தின் இருட்டுக்குள் ஒரு மணி நேரம் உட்காரட்டும். 1692ஆம் ஆண்டின் இறுதியில் உள்ளே எத்தனை மரக்கால் நெல் மிச்சமிருந்தது, அதை அளந்தவர் அன்றிரவு வீட்டில் என்ன சொன்னார் என்று யோசிக்கட்டும். தேசிங்கின் குதிரைக்கு நாம் போதிய அளவு பாடிவிட்டோம்.